மரக்கடை வீட்டு அட்டை

ஏழு மாதக் கர்ப்பிணிக்குச் சர்க்கரை கூடியிருந்தது. வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு இருக்கு டாக்டர். உங்ககிட்டதான் வருவாரு. மரக்கடை சங்கரபாண்டி."

அந்த வீட்டு அட்டையை எடுத்தேன். என்னிடம் வரும் குடும்பங்களுக்கெல்லாம் நானே ஒரு படம் வரைந்து வைப்பேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் பெருக்கல் குறி, பக்கத்தில் காரணம். பிள்ளைகளுக்குக் கீழே கோடு இழுப்பேன். சங்கரபாண்டிக்குக் கீழே ஒரே ஒரு வட்டம். அதன் மேல் பெருக்கல் குறி.

"கூடப் பிறந்தவங்க எத்தனை பேரும்மா?"

"நான் ஒருத்திதான். பொற்கொடி."

வட்டத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயர்தான் இருந்தது, என் கையெழுத்தில். விடுதியில் தங்கிப் படித்த மகள் போய்விட்டாள் என்று, அவள் உட்கார்ந்திருக்கும் இதே நாற்காலியில்தான் அவர் அழுதார். தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கும் போனேன். மாலை போட்ட படத்தில் இரட்டைச் சடையோடு ஒரு பள்ளிக்கூடப் பெண். கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டேன்.

அவள் எட்டி அட்டையைப் பார்த்தாள்.

"வேற சாதியில கட்டிக்கிட்டேன்னு தலைமுழுகினது தெரியும். எதுல செத்தேன்னு சொன்னாரு?"

"மஞ்சக்காமாலை."

என் பென்சிலை வாங்கி, பெருக்கல் குறி போட்ட வட்டத்திலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள். கோட்டின் முனையில் பென்சில் நின்றது.

"உசுரோட இருக்குன்னா என்ன குறி போடணும் டாக்டர்?"