நொண்டிக் கடிகாரம்

"தைக்கத் தெரியுமா?" என்றார் முதலாளி.

"தெரியும்."

"சரி, இன்னைக்கு ஒரு நாள் உட்காரு. பிடிச்சா வச்சுக்கிறேன்."

"எனக்கும் பிடிக்கணுமே, முதலாளி."

ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின்கள் எல்லாம் ஒரு நொடி நின்று மறுபடி ஓடின. பஞ்சுத் தூசுக்காக, வேலை கேட்டு வந்தவள் உட்பட எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்ததால், யார் சிரித்தது என்று முதலாளியால் கண்டுபிடிக்க முடியவில்லை. புதியவளுக்குக் காலியாக இருந்த கடைசி மெஷினைக் காட்டிவிட்டுப் போனார்.

முதலாளிக்கு வயது முப்பதுதான். ஐந்து வேளைத் தொழுகையை விடாதவர். "நம்ம மார்க்கமே மிதம்தாம்மா" என்று வாய்க்கு வாய் சொல்லுவார். டீ அரை கிளாஸ், மிதம். இருபது பேருக்கு இரண்டு மின்விசிறி, மிதம். பாத்ரூமுக்கு நாளைக்கு இரண்டு தடவை, அதுவும் மிதம். அவருடைய கண்ணாடி அறையில் மட்டும் ஏசி நாள் முழுக்க ஓடியது. ஊருக்கு உபதேசம் என்றால் அப்படித்தானே!

பக்கத்து மெஷினில் பட்டன் அக்கா. பட்டன் தைக்கிற வேலை என்பதால் அந்தப் பெயர். சாயங்காலம் நெருங்க நெருங்க அக்காவின் கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவே இல்லை.

"என்னக்கா, அவசரமா?"

"அஞ்சரைக்குக் குழந்தைகள் காப்பகத்தை மூடிடுவாங்கம்மா. மூணு நாளா என் பொண்ணு பூட்டின கதவுக்கு வெளியிலதான் நிக்குது. இன்னைக்கும் லேட்டானா பேரை எடுத்துடுவோம்னு சொல்லிட்டாங்க. பிள்ளையை எங்க விட்டுட்டு நான் வேலைக்கு வர்றது?"

"வேலைதான் அஞ்சு மணிக்கு முடியுதே?"

அக்கா பதில் சொல்வதற்குள் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டது. முதலாளி தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். புதுச் சட்டை, அத்தர் வாசனை, சட்டைப் பையில் ஒரு பெண்ணின் போட்டோ.

"ஆறு மணிக்குப் பொண்ணு பார்க்கப் போறேன். அதுக்குள்ள இந்த ஆர்டர் முடியணும். பேச்சும் மிதமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடையைக் கட்டினார்.

புதியவள் சுவரைப் பார்த்தாள். கடிகாரத்தில் மணி நாலு ஐந்து.

"அக்கா, இங்க அஸர் பாங்கு எத்தனை மணிக்கு?"

"நாலரைக்கு."

"அப்ப இந்தக் கடிகாரம்?"

"அது முதலாளியோட கடிகாரம். காலையில நாம வரும்போது தலைதெறிக்க ஓடும். மத்தியானத்துக்கு மேல நொண்டும். இந்த ஆர்டர் வந்த மூணு நாளா ரொம்பவே நொண்டுது. போனையெல்லாம் வந்ததும் வாங்கிப் பெட்டியில பூட்டிடுறாரு. அவர் பள்ளிக்குப் போறது பாங்குக் கணக்குல. நாம வீட்டுக்குப் போறது கடிகாரக் கணக்குல."

"யாரும் கேட்கலையா?"

"கேட்டவ இருந்த மெஷின்லதான் நீ உட்கார்ந்திருக்கே."

புதியவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. தைத்துக்கொண்டிருந்த காலரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றி, பாங்கு சொல்லி முடித்த நேரத்துக்கு முள்ளைத் திருகி மாட்டினாள்.

தொழுதுவிட்டு வந்த முதலாளி நேராக ஏசி அறைக்குள் போய்விட்டார். முள் ஐந்தைத் தொட்டதும் பட்டன் அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் பாய்ந்து வெளியே வந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? இன்னும் மணி..." என்று நிமிர்ந்தவருக்கு முகம் கறுத்தது. "கடிகாரத்துல கை வச்சது யாரு?"

"நான்தான்" என்றாள் புதியவள். "பாவம், நொண்டிக்கிட்டு இருந்துச்சு. வைத்தியம் பண்ணினேன்."

"அஞ்சு பத்து நிமிஷம் முன்னப் பின்னப் போறது ஒரு பெரிய விஷயமா? எதுலயும் ஒரு மிதம் வேணும்!"

"மிதம்னா நடு, முதலாளி. உங்க பக்கம் கூட்டி, இவங்க பக்கம் குறைக்கிறதுக்கு வேற பேரு இருக்கு. உங்களுக்கு வர்ற துணியில ஒரு விரல் குறைஞ்சா கடைக்காரரைச் சும்மா விடுவீங்களா? தினமும் இவங்க நேரத்தைக் கத்தரிச்சுட்டு, அந்தக் கையையே ஏந்தி எப்படி துஆ கேட்கிறீங்க?"

"இப்ப வெளியே போறவங்க நாளைக்கு உள்ளே வர வேண்டாம்!"

பட்டன் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் கண் கலங்கியது.

"போங்கக்கா, பிள்ளை நிக்குது" என்றாள் புதியவள்.

அக்கா போனாள். ஒரு மெஷின் நின்றது. அடுத்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அத்தனையும் நின்றுவிட்டன. பெண்கள் எல்லாரும் எழுந்து போன் பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"சாவி கொடுங்க முதலாளி, மணி அஞ்சாச்சு" என்றாள் ஒருத்தி.

அத்தனை பேர் மேலும் வந்த கோபம் புதியவள் மேல் திரும்பியது. "வந்த ஒரே நாள்ல எல்லாரையும் கெடுத்துட்டியே! நீ வேலைக்கு வந்தவ மாதிரியே தெரியலையே. உண்மையைச் சொல்லு, இங்க எதுக்கு வந்தே?"

அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள். முதலாளி இரண்டடி பின்னால் போனார்.

"மாப்பிள்ளை பார்க்க வந்தேன்."