மிச்சத் துணி

மருத்துவமனையில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு தேன்மொழி ஆசையாகக் கேட்டது ஒரு பட்டுப்பாவாடை. வலிமருந்து கொடுக்க தினமும் வரும் நர்ஸ்தான் டெய்லரிடம் பேசி, கட்டிலுக்கே கூட்டிவந்து அளவெடுக்க வைத்தாள். மறுநாளே தைத்துக் கொண்டுவந்துவிட்டார். அழகாகத்தான் இருந்தது. கூடவே அவர் நீட்டிய மிச்சத் துணியைக் கண்டதும் அம்மா ரஞ்சிதம் பாவாடையைப் புரட்டிப் பார்த்தாள். வளர வளரப் பிரித்துவிட உள்ளே ஒரு மடிப்புகூட இல்லை.

“வளர்ற பிள்ளைக்கு டக் வைக்காம யாராச்சும் தைப்பாங்களா? இவ அக்காளுக்கு மட்டும் மூணு டக் வெச்சீங்க?”

டெய்லர் கட்டிலருகே நின்ற நர்ஸைப் பார்த்தார்.

“அங்க என்ன பார்வை? இங்க என் மகளைப் பாருங்க. கண்ணு முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கா!”