சாயா கூடாது

"பொய்! பச்சைப் பொய்!"

வசுமதி மேசையைத் தட்டிய தட்டில் ரத்தக் குப்பிகள் கிணுகிணுத்தன.

எதிரே சுருளியம்மாள், கொழுந்தெடுக்க இடுப்பில் சுற்றிக் கட்டிய படுதாவை அவிழ்க்காமலே நின்றாள். உதடெல்லாம் வெளுப்பு.

ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு ஏன் ரத்தம் ஊறவில்லை என்று பார்க்க வந்த ஆராய்ச்சி அது. துளியூண்டு கதிரியக்க இரும்பைக் கஞ்சியில் கலந்து கொடுப்பார்கள். ரெண்டு வாரம் கழித்து ரத்தத்தை மெஷினில் வைத்தால், உடம்பில் எவ்வளவு சேர்ந்தது என்று காட்டிவிடும். ஒரே நிபந்தனை, கஞ்சி குடித்த காலையில் சாயா கூடாது. சாயா இரும்பைச் சேரவிடாது.

சுருளியம்மாள் ரத்தத்தில் மெஷின் ஏறக்குறைய ஒன்றுமே காட்டவில்லை. கேட்டபோது சாயா குடிக்கவே இல்லை என்றுதான் சொல்லியிருந்தாள்.

"அம்மா, அன்னிக்கு மழையில..."

"மழை பெஞ்சா? ஒரு காலைப்பொழுது நாக்கை அடக்க முடியாதா? உங்களுக்காக நான் ஊரெல்லாம் சண்டை போடறேன், நீ என்னடான்னா!"

ஆராய்ச்சியில் களப்பணி பார்க்கும் வசுமதி வடகரப்பதி ஊர்க்காரி. பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு மூச்சுவிட இடமிருக்காது.

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் சகாயம் எட்டிப் பார்த்தார். "என்ன சத்தம்?"

"சாயா குடிச்சுக் கெடுத்துட்டாங்க சார். ஏனுங்க, இப்படி இருந்தா எப்படிங்க?"

"நம்ம ஆளுங்க யாராச்சும் குடுத்தாங்களா? சொல்லும்மா, குடுத்தவங்கள இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடறேன்."

சுருளியம்மாள் தலை குனிந்தாள். "இல்லய்யா. நானாத்தான் குடிச்சேன்."

"அப்ப பேரை எடுத்துரு. சொன்னபடி கேட்டவங்களுக்குத்தான் இரும்பு ஊசி."

அவர் போய்விட்டார். வசுமதிக்கு ஆத்திரம் ஆறவில்லை.

"போச்சா ஊசி? நாளைக்குச் சரிவுல மயங்கி விழுந்தா யாரு தூக்குவா? குடிச்சே ஆகணும்னு யார் உன் கழுத்தைப் பிடிச்சா? சொல்லு!"

மூச்சு வாங்கியதில் ஒரு கணம் நின்றாள். சுருளியம்மாளுக்கு அதுதான் கிடைத்த இடைவெளி.

"நீங்கதாம்மா. கஞ்சி குடிச்ச அன்னிக்குக் காலையில, கணக்கெடுக்க நனைஞ்சுக்கிட்டு எங்க லயத்து வீட்டுக்கு வந்தீங்க. சாயா போட்டுக் குடுத்தேன். 'நாம சரிசமம் அக்கா, நீங்களும் உக்காந்து குடிங்க, இல்லாட்டி நான் தொடமாட்டேன்'னு என் கையில டம்ளரைத் திணிச்சீங்க. கூடாதேன்னு சொல்ல வாயெடுத்தேன், நீங்க விடல... அய்யாகிட்டச் சொன்னா உங்க வேலையில்ல போயிரும்?"