பாதி கிளட்ச்

'மனதை வருடிவிட்டது அம்மா' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

'இவை விரல்களா, மயிலிறகா?' என்று இன்னொருவர்.

டிரைவிங் ஸ்கூல் காருக்குள் தனியாக உட்கார்ந்திருந்த பிரேக் அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அந்தப் பெயர் மாணவர்கள் வைத்தது. சொல்லித்தருபவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வண்டி நகரும் முன்பே அக்காவின் கால் அதன்மேல் போய்விடும்.

அக்காவிடம் ஒரு யுகுலேலே இருந்தது. நாலே கம்பி. பார்க்கக் கிட்டார் பெற்ற பிள்ளை மாதிரி இருக்கும். வீட்டில் அதை எடுத்தால் கணவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். டிவி சத்தத்தைக் கூட்டுவார், அவ்வளவுதான்.

அதனால் வகுப்புகளுக்கு இடையில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, காரிலேயே வாசிப்பு. அதைப் போனில் பதிவு செய்து 'கம்பியும் நாமும்' என்ற இணையக் குழுவில் போடுவார். வீட்டில் கேட்க ஆளில்லாத வாசிப்பாளர்களெல்லாம் ஒண்டியிருந்த இடம் அது. ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுப்பதில் அங்கே யாரும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

நேற்று மாலை போட்டது அக்காவின் சொந்த மெட்டு. வாரக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டியிருந்தார். இவ்வளவு பாராட்டு இதற்குமுன் வந்ததே இல்லை.

நாமும் ஒருமுறை கேட்போமே என்று ஆசையாக அழுத்தினார்.

போனுக்குள் கார்க் கதவு திறக்கும் சத்தம். ஒரு இருமல்.

"மேடம், இன்னிக்கு ரிவர்ஸ் மட்டும் வேணாம். நேத்து கனவு பூரா பின்னாடியே போயிட்டிருந்தேன்."

வங்கி மேலாளரின் குரல். காலை வகுப்பு மாணவர்.

நடந்தது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. நேற்றுக் காலை மெட்டை வாசித்துச் சேமித்துவிட்டுப் போனை டாஷ்போர்டில் வைக்கும்போது, விரல் மறுபடியும் பொத்தானில் பட்டிருக்கிறது. மாலையில் கடைசியாக இருந்த பதிவை எடுத்து அப்படியே போட்டுவிட்டார். மெட்டு போனிலேயே பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

குழு கேட்டது ஒரு முழு டிரைவிங் வகுப்பை. கியர் எலும்பை அரைப்பதுபோல் அரைத்தது. வண்டி துள்ளித் துள்ளி நின்றது. அக்காவின் குரல் மட்டும் ஓயவில்லை.

"பாதி கிளட்ச் சார், பாதி... அது பாதி இல்ல, பூராவும் விட்டுட்டீங்க. ஸ்டியரிங்கக் கழுத்தப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க, அதுக்கும் மூச்சு முட்டுமில்ல."

'அந்த நடுப்பகுதி இருக்கிறதே, அப்பப்பா' என்று ஒருவர் உருகியிருந்தார்.

நடுப்பகுதியில் வண்டி ஒரு குப்பைத்தொட்டியை இடித்திருந்தது.

அக்கா முதலில் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. இதைக் கேட்காதவர்கள் போன மாதம் போட்டதைக் கேட்டிருப்பார்களா? அதற்கு முன் போட்டதை? இத்தனை நாள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மயிலிறகெல்லாம் ஒரே நொடியில் உதிர்ந்தது.

இனி இங்கே என்ன வேலை? குழுவிலிருந்து விலகும் பொத்தானைத் தேடிப்பிடித்து விரலை அதன்மேல் கொண்டுபோனார்.

அந்த நேரம் பார்த்து ஒரு புதுக் கருத்து வந்து விழுந்தது. எழுதியவர் பெயர் 'நாலாவது மாடி'.

'முழுவதும் கேட்டேன், திரும்பத் திரும்பக் கேட்டேன். லைசென்ஸ் வாங்கி எத்தனையோ வருடம் ஆகியும் காரில் ஏறினாலே எனக்குக் கை நடுங்கும். இவ்வளவு பொறுமையாக யாரும் என்னைத் திட்டியதில்லை. இன்று காலை தனியாகக் கேட் வரை ஓட்டிவிட்டேன். வாசிப்பு எப்போது வரும் என்று கடைசி வரை காத்திருந்தேன், வரவில்லை, பரவாயில்லை. ரிவர்ஸ் பாடம் இருந்தால் போடுங்கள்.'

அக்கா விரலை எடுத்துக்கொண்டார்.

கேட்க ஒரு ஆள் இருந்திருக்கிறது. அந்த ஆள் வாசித்ததை நாமும் கேட்பதுதானே முறை. நாலாவது மாடியின் பக்கத்துக்குப் போனார்.

எல்லாவற்றுக்கும் மேலே, வந்தவர் கண்ணில் முதலில் படும்படி, ஒரு பழைய பதிவு வைக்கப்பட்டிருந்தது. அதன் கீழே அக்காவே எழுதியிருந்தார்: 'அற்புதம். நிறுத்திவிடாதீர்கள், தொடருங்கள்.'

கேட்ட ஞாபகம் சுத்தமாக இல்லை. எந்த மாணவர் வண்டியை உருட்டிக்கொண்டிருந்தபோது எழுதினாரோ.

இப்போது அழுத்திக் கேட்டார்.

அதில் வாசிப்பே இல்லை. ஒரு பெண் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினாள். மணிக்கட்டு வலிக்கிறதாம். வீட்டில் எல்லோருக்கும் இவள் வாசிப்பு கேலிப்பொருளாகிவிட்டதாம். இன்றோடு குழுவிலிருந்து விடைபெறுகிறாளாம். கிட்டார் விலைக்குத் தயார், வேண்டியவர்கள் சொல்லலாமாம்.

கீழே ஒருவர் 'இனிமை, இனிமை' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'கம்பிகள் பேசுகின்றன' என்று.

அக்கா எழுதியதற்குக் கீழே மட்டும் அந்தப் பெண்ணின் பதில் இருந்தது. இத்தனை மாதமாக அக்கா பார்க்காத பதில்.

'கடைசி வரை கேட்டுவிட்டு, போகாதே என்று சொன்னது நீங்கள் ஒருவர்தான் அக்கா. கிட்டாரை விற்கவில்லை.'

அடுத்த மாணவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். அக்கா கையைக் காட்டி நிற்கச் சொன்னார்.

நாலாவது மாடியின் அடுத்த பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வாசிப்பு சுமார்தான். முடியும்வரை கேட்டார்.