துவைகல் ஓரத்துச் செடி

மூக்கை மறைத்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, கையை எட்டி நீட்டி, தள்ளி நின்றே செம்பைச் சாய்த்தார்.

கிட்டப் போகக்கூடாது. தொடக்கூடாது. மூச்சுக்காற்றுகூடப் படக்கூடாது.

கனடாவிலிருந்து மனைவி போட்ட உத்தரவு.

செடி தானாக முளைத்தது. யாரும் நடவில்லை. சாமிப் படத்திலிருந்து எடுக்கிற பழைய பூவை அவள் குப்பையில் போடமாட்டாள். கால் படாத இடம் என்று துவைகல் ஓரத்தில்தான் போடுவாள். ஐப்பசி மழைக்கு அந்த இடத்தில் இரண்டு இலை எட்டிப் பார்த்தது. நாலு நாளில் விளிம்பெல்லாம் வெட்டி வெட்டி விட்ட மாதிரி இலைகள்.

சாமந்தி. அவருக்குச் சந்தேகமே இல்லை.

அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்பம் தெரியும், கம்பி தெரியும். செடி கொடியெல்லாம் அவள் இலாகா. அவள் பிறந்த வீட்டில் பூ விவசாயம்.

மகளுக்குப் பிரசவம் பார்க்கத்தான் போனாள். ஆறு மாதம் என்று பேச்சு. பிள்ளை பிறந்தது. பிள்ளை தவழ்ந்தது. மகள் வேலைக்குத் திரும்பினாள். பிள்ளையை யார் பார்ப்பது? விசாவை நீட்டித்தார்கள். அவரையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். சரி என்றார்.

வேறு என்ன சொல்வது?

தினமும் காலையில் போன் வரும். அங்கே ராத்திரி.

சாப்பிட்டீர்களா என்பாள். ஆச்சு என்பார். மாத்திரை? ஆச்சு. அதோடு தீர்ந்தது. எதிரெதிரே உட்கார்ந்திருந்த காலத்திலும் அவர்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். ஆனால் அப்போது பேசாமல் இருப்பதற்காவது பக்கத்தில் ஆள் இருந்தது.

செடி வந்து எல்லாவற்றையும் மாற்றியது.

படம் எடுத்து அனுப்பினார். அவள் பார்த்துவிட்டதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. வெகுநேரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"சாமந்தியேதாங்க. கையால மட்டும் தொட்டுறாதீங்க, மூச்சுக்காத்துகூடப் படக்கூடாது, வாடிப்போகும். தள்ளி நின்னு ஊத்துங்க. அது பூக்கிறதுக்குள்ள நான் வந்துருவேன்."

அன்றிலிருந்து போனில் செடிப் பேச்சுதான். எவ்வளவு உயரம், கிளை விட்டதா, நேற்றுக் காற்றுக்குச் சாய்ந்ததா. அரை மணி நேரம்கூடப் போகும். தனக்கு இவ்வளவு பேச வருமென்று அவருக்கே தெரியாது. போன் வருவதற்கு முன்பே போய் ஒருமுறை நன்றாகப் பார்த்துவைத்துக்கொள்வார், பாடம் ஒப்பிக்கப் போகிற பிள்ளை மாதிரி.

இன்று நுனியில் பொடிப்பொடியாக வெள்ளை.

பூத்துவிட்டது.

அவள் வரவில்லை.

சந்தோஷப்பட வேண்டியவர், காலிச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குழாயடிக்குப் போய் மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தார்.

பக்கத்து வீட்டு செபஸ்தியம்மாள் ஆட்டுக்கு அகத்திக் குழை ஒடிக்கக் கொல்லைக்கு வந்தாள். துண்டு கட்டிய முகத்தைப் பார்த்தாள். செம்பைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள். சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

"அண்ணே, இது பார்த்தீனியம்ணே. எங்க ஆடுகூட வாய் வைக்காது. தொட்டா அரிப்பு எடுக்கும், மூச்சு இழுக்கும். விதை விழுறதுக்குள்ள பிடுங்கிப் போடுங்க."

குழையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

முதலில் வெட்கம்தான் வந்தது. விஷச் செடிக்கு இத்தனை நாள் சேவகம் செய்திருக்கிறார். இதை அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? நிலக்கோட்டைப் பூக்காட்டில் வளர்ந்தவள். அவள் அப்பா வருஷம் தவறாமல் சாமந்தி போட்டவர். சாமந்தி எது, களை எது என்று இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

செம்பைக் கீழே வைத்தார்.

முதல் படத்திலேயே தெரிந்திருக்கும் அவளுக்கு.

கையால தொட்டுறாதீங்க. தள்ளி நின்னு ஊத்துங்க.

துவைகல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுது பழக்கமில்லாத மனிதர். எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை. மூக்கில் கட்டியிருந்த துண்டு கண்ணுக்கு உதவியது.

பிறகு எழுந்துபோய்க் கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு வந்தார். அடித்தண்டைப் பிடித்து இழுத்தார். ஈர மண், சண்டை போடாமல் வேரோடு வந்தது. சாக்கில் போட்டு வாயைக் கட்டினார்.

துவைகல் ஓரத்தில் ஒரு சின்னக் குழி.

போன் அடித்தது.

சாப்பிட்டீர்களா? ஆச்சு. மாத்திரை? ஆச்சு.

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிள்ளை சிணுங்குகிற சத்தம் கேட்டது, ஓய்ந்தது. செடி பூத்துவிட்டதா என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் குழியைப் பார்த்தார்.

"இல்ல. இன்னும் மொட்டுகூட வைக்கல."

அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. இத்தனை நாளில் பூத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே, எதற்கும் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றே ஊற்றுங்கள் என்றாள்.

சரி என்றார்.

போனைக் காதிலிருந்து எடுக்காமல், செம்போடு ஓரடி பின்னால் நகர்ந்து, கையை எட்டி நீட்டிக் குழிக்குத் தண்ணீர் விட்டார்.