பேர் வச்சது யாரு?

“‘ஆனை’ன்னு முதல்ல கூப்பிட்டது யாரு?”

ஜெபசீலி டீச்சர் பிரம்பால் மேஜையைத் தட்டினார். ஏழாம் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

வாசலில் ரங்கம்மா நின்றிருந்தாள். மகள் முனிலட்சுமிக்கு டி.சி. வாங்குவதற்காகக் காட்டோரத்துச் சானமாவு கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து அவளையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“ஸ்கூலுன்னாலே அழுவுறா டீச்சர். ஆனை ஆனைன்னு உயிர எடுக்கறாங்களாம். படிச்சது போதும், தக்காளித் தோட்டத்து வேலைக்கு அனுப்பிடறேன்.”

“பத்து நிமிஷம் பொறுங்கம்மா. என் வகுப்புல இந்த வேலையெல்லாம் நடக்காது.”

பதினாறு வருஷ சர்வீஸில் ஒரு பிள்ளையையும் பாதியில் நிற்க விட்டதில்லை என்பதில் டீச்சருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. எதற்கும் முதலில் சிரிக்கிற வஜிஹாவை எழுப்பினார்.

“நீதானே?”

“இல்லீங்க டீச்சர். எல்லாரும் கூப்பிட்டாங்க, நானும் கூப்பிட்டேன்.”

“கையை நீட்டு.”

இரண்டு அடி விழுந்தது. மூன்றாவது விழுவதற்குள் முனிலட்சுமி ஓடி வந்தாள்.

“அவ இல்லீங்க டீச்சர்.”

“அப்ப யாரு? நான் இருக்கேன்ல, பயப்படாம சொல்லு.”

முனிலட்சுமி வாசலைப் பார்த்தாள். அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நீங்கதான் டீச்சர். ஜூன் மாசம் அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப ரெண்டு முனிலட்சுமி எந்திரிச்சோம். ‘அவ டவுன் முனிலட்சுமி. நீ ஆனைக் காட்டுலருந்து வர்றவ, ஆளும் அதே மாதிரி இருக்கே, நீ ஆனை முனிலட்சுமி’ன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க.”

டீச்சருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவரும் சேர்ந்துதான் சிரித்தார். அதோடு மறந்தும் போனார்.

‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்று வாய் வரை வந்துவிட்டது. வஜிஹாவும் விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பாள். அந்தப் பெண் சிவந்த உள்ளங்கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ரங்கம்மா பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்தாள்.

“சொல்லிட்டாளா டீச்சர்? யாருங்க அது?”

முனிலட்சுமி முந்திக்கொண்டாள். “டீச்சர் எல்லாரையும் கண்டிச்சிட்டாங்கம்மா. இனிமே யாரும் சொல்லமாட்டாங்க. நீ போம்மா.”

“இருடி. பேரைச் சொல்லுங்க டீச்சர். ரெண்டு வார்த்தை கேக்காம போக மாட்டேன்.”

டீச்சர் பிரம்பைக் கீழே போட்டார்.

“ஜெபசீலி” என்றார், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி.