வள்ளம் கரையேற்றிய நாற்பது பேர்

கடற்கரை மணலில் கிடந்த கிழட்டு வள்ளம், புது பைபர் படகிடம் பெரும்புயல் கதை சொல்லிக்கொண்டிருந்தது. "பனைமர உயரத்துக்கு அலை. தன்னந்தனியாப் போயி நாப்பது பேரை ஏத்திட்டு வந்தேன்லே!"

போன வருஷம் சொன்னபோது அலை கூரை உயரம்தான், ஆட்களும் இருபதுதான்.

பக்கத்தில் கிடந்த நங்கூரத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அண்ணாச்சி இந்தப் புளுகு? அன்னைக்கு நம்ம ரெண்டு பேரையும் தென்னமரத்துல கட்டிப்போட்டிருந்தாங்கல்லா?"

"வாயை மூடு! நாளைக்கு ஊர்க் கமிட்டி வருது. என்னைத் துறைமுக முகப்புல நினைவுச்சின்னமா வைக்கவா, விறகுக்கு உடைக்கவான்னு முடிவு பண்ணப்போறாங்க."

"அதுக்காக வரலாற்றை மாத்துவீங்களா? நான் விடமாட்டேன்!"

மறுநாள் கமிட்டி வள்ளத்துக்கு நீலப் பெயின்ட் அடித்து முகப்பில் வைத்தது. வள்ளம் மட்டும் மொட்டையாகத் தெரிந்ததால், நங்கூரத்தையும் துருவைச் சுரண்டி முன்னால் நிறுத்தி மாலை போட்டது.

கடலுக்குப் போகிற வழியில் பைபர் படகு கேட்டது: "நங்கூரம் அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. நாப்பது பேரா?"

நங்கூரம் மாலையைச் சரிசெய்துகொண்டது.

"எவம்லே நாப்பதுன்னு சொன்னான்? அறுபது! அவ்வளவு பேரையும் ஏத்தினது வள்ளம்தான், இல்லேங்கல. அந்த அலையில வள்ளத்தைப் பிடிச்சு நிறுத்தினது யாரு?"